மேனேஜர் எனக்கு மட்டும் டியூட்டியைக் குறைக்கிறார், சம்பளச் சீட்டில் எல்ஓபி (சம்பளமில்லா விடுப்பு) என்று வருகிறது. என்ன செய்யலாம்?

கோ.புதூர் வாசகி:

மதுரையில் ஒரு ஜவுளிக் கடை, சேல்ஸ் பிரிவு. நாற்பது பேருக்கு மேல் வேலை பார்க்கிறோம். நியமனக் கடிதத்தில் மாதச் சம்பளம் என்றுதான் போட்டிருக்கிறது, மணிக்கணக்கு எதுவும் இல்லை. வருடம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. பொங்கல் வியாபாரம் முடிந்ததிலிருந்து ஃப்ளோர் மேனேஜர் என் டியூட்டியை மட்டும் வெட்டிக்கொண்டே வருகிறார். டியூட்டி சார்ட்டில் வாரத்துக்கு ஒரு ஆஃப் போக இன்னும் ஒன்றிரண்டு நாள் காலியாக விடுகிறார். சில நாள் காலையில் பஞ்ச் பண்ணி நின்ற பிறகு, "கூட்டம் இல்ல, மத்தியானத்தோட கிளம்புங்க" என்கிறார். இன்னும் சில நாள் காலை 9.30 முதல் 1 மணி வரை, திரும்ப மாலை 6 முதல் 10 வரை என்று உடைத்துப் போடுகிறார்.

மாசக் கடைசியில் எல்லாம் எல்ஓபி ஆகிச் சம்பளம் குறைகிறது. கேட்டால் வியாபாரம் டல் என்கிறார். ஆனால் இதே செக்‌ஷனுக்குப் புதிதாக ஆள் எடுத்திருக்கிறார்கள். இப்போது வராத நாட்களுக்கு லீவ் லெட்டர் எழுதித் தரச் சொல்கிறார். எழுதித் தரலாமா? எங்கே போய்ச் சொல்வது? வேலையும் போய்விடக் கூடாது. இஎஸ்ஐ, பிஎஃப் இரண்டும் பிடிக்கிறார்கள்.

தெற்குவாசல்:

முதலில் அந்த லீவ் லெட்டர். எழுதித் தராதீங்கம்மா. உங்கள் பிரச்சினையின் முடிச்சே அதில்தான் இருக்கிறது.

வேலை நடக்காத ஒரு நாள் பதிவேட்டில் இரண்டு விதமாக ஏறலாம். "ஆள் வரவில்லை" என்பது ஒன்று, "முதலாளி வேலை தரவில்லை" என்பது இன்னொன்று. முதலாவதற்குச் சம்பளம் பிடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. இரண்டாவதற்கு அந்த அனுமதி இல்லை. வேலைக்கு வர வேண்டிய நேரத்தில் வராமல் இருந்தால்தான் அது ஆப்சென்ட். வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அது ஆப்சென்ட் ஆகாது. நீங்களே லீவ் லெட்டர் கொடுத்தால் இரண்டாவது வகையை உங்கள் கையெழுத்தாலேயே முதல் வகையாக மாற்றிக் கொடுத்ததாக ஆகிவிடும். அப்புறம் எந்த அதிகாரியிடம் போனாலும் அந்தத் தாளைத்தான் எடுத்து வைப்பார்கள். பழைய தேதி போட்டு எழுதச் சொன்னால் கண்டிப்பாகக் கூடாது. வெற்றுத்தாளில் கையெழுத்தும் கூடாது.

கோபத்தில் நாலு நாள் போகாமலும் இருந்துவிடாதீங்க. "தானாகவே வேலையை விட்டு நின்றுவிட்டார்" என்று கதையை முடிக்க அது போதும். சார்ட்டில் பெயர் இருக்கிற ஒவ்வொரு நாளும் நேரத்துக்குப் போய் பஞ்ச் பண்ணுங்க. திருப்பி அனுப்பினால் வெளியே போகும் பஞ்ச்சும் வேண்டும். பஞ்ச் பண்ண விடவில்லை என்றால் கடையை விட்டு இறங்குவதற்கு முன் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்க: "சார், இன்று 9.30 டியூட்டிக்கு வந்தேன். 1 மணிக்குக் கிளம்பச் சொன்னீர்கள். மீதி நேரமும் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீங்க. வேலை செய்ய மனமில்லாதவர் என்று உங்களைக் காட்ட முடியாமல் தடுப்பது அதுதான்.

சார்ட் ஒட்டுகிற அன்றைக்கே முழுச் சார்ட்டையும் போட்டோ எடுத்து வையுங்க. உங்கள் வரி மட்டும் போதாது, செக்‌ஷனில் எல்லாருடைய வரியும் தெரிய வேண்டும். டல் சீசனில் எல்லாருக்கும் இரண்டு இரண்டு நாள் குறைந்தால் அது வியாபார முடிவு. ஒருவருக்கு மட்டும் குறைந்து, அதே செக்‌ஷனுக்குப் புது ஆளும் வந்தால் டல் என்கிற காரணம் நிற்காது. அந்தப் போட்டோதான் அதைக் காட்டும்.

சம்பளக் கணக்கு:

கடைகளுக்குச் சம்பளப் பட்டியல் போடுகிற வேலை எனக்கு. கணக்குப் பக்கத்தைச் சொல்கிறேன்.

உங்கள் சம்பளம் 15,600 என்று வைத்துக்கொள்வோம். 26 ஆல் வகுத்தால் நாளுக்கு 600. ஒரு மாதத்தில் சார்ட்டிலேயே பெயர் போடாத நாள் 5, பாதியில் அனுப்பிய நாள் 6 என்றால், முதலாவது 3,000, இரண்டாவது 1,800. ஆக 4,800. இந்த இரண்டையும் ஒரே கணக்காகக் கலக்காமல் தனித்தனியாக எழுதி வையுங்க, ஏனென்றால் கேட்கிற வழி வேறு வேறு.

பாதியில் அனுப்பிய நாளுக்கு உங்கள் பக்கம் பலம் அதிகம். 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே இருந்த விதி, 2019 ஊதியச் சட்டத் தொகுப்பில் 10ஆம் பிரிவாகத் தொடர்கிறது. வேலைக்கு வந்தவருக்கு முதலாளி முழு நாளும் வேலை தரவில்லை என்றாலும் முழு நாள் கூலி தர வேண்டும். தொழிலாளியே மனமில்லாமல் போயிருந்தால் விலக்கு உண்டு. ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். குறைந்தபட்சக் கூலி நாள் கணக்கில் நிர்ணயமான வேலைக்கு என்றுதான் அந்தப் பிரிவில் எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டில் கடைகளுக்கு அரசாணை மாதக் கணக்கில் வருகிறது, அதை 26 ஆல் வகுத்து நாள் கூலி எடுப்பார்கள். கடைக்காரர் தரப்பு இந்த இடத்தில் வாதாடும். அதனால் அந்தப் பிரிவை மட்டும் நம்பி மனு எழுதாமல், "வராமல் இருந்தால்தான் பிடித்தம் செய்யலாம், நான் வந்தேன்" என்பதையும் சேர்த்து எழுதுங்க. அது மாதச் சம்பளத்துக்கும் பொருந்தும்.

உடைத்துப் போடுகிற டியூட்டியில் வேறு ஒரு மீறல் ஒளிந்திருக்கிறது. காலை 9.30 முதல் இரவு 10 வரை பன்னிரண்டரை மணி நேரம். தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டப்படி வேலை நேரமும் இடைவேளையும் சேர்ந்து ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது. அங்கே இங்கே அலைந்து நீங்கள் உண்மையில் பார்ப்பது ஏழரை மணி வேலைதான், ஆனால் நாள் முழுக்கப் போய்விடுகிறது. அந்த நாட்களின் பஞ்ச் நேரங்களைத் தனியாகக் குறித்து வையுங்க.

சம்பளச் சீட்டு வாங்காமல் விடாதீங்க, கொடுப்பது முதலாளியின் கடமை. அதில் வேலை நாள் எத்தனை, எல்ஓபி எத்தனை என்று பாருங்க. பாதி நாளை முழு எல்ஓபியாகப் போட்டிருப்பது அடிக்கடி நடக்கிற தவறு. மென்பொருளில் 4 மணி நேரத்துக்குக் கீழே பஞ்ச் இருந்தால் தானாக ஆப்சென்ட் ஆகும்படி வைத்திருப்பார்கள். 9.30 முதல் 1 வரை மூன்றரை மணிதானே!

கோ.புதூர் வாசகி:

நன்றிங்க. போன மாதச் சீட்டைப் பார்த்தேன், பாதி நாள் இரண்டு முழு எல்ஓபியாகத்தான் ஏறியிருக்கிறது. இன்னொரு சந்தேகம், நாள் குறைந்தால் இஎஸ்ஐ போய்விடுமா?

நலவாரியம்:

உடனே போகாது, ஆனால் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். இஎஸ்ஐயில் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு பங்களிப்புக் காலம். நோய்க்காலப் பணம் கிடைக்க ஒரு காலத்தில் 78 நாளுக்குப் பங்களிப்பு ஏறியிருக்க வேண்டும். சராசரியாக மாதம் 13 நாள். இப்போது 17, 18 நாள் வருகிறது என்றால் தாண்டிவிடுவீர்கள். 12க்கு இறங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். அந்த அடி உடனே தெரியாது என்பதுதான் கொடுமை: ஏப்ரல்–செப்டம்பரில் நாள் குறைந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உடம்புக்கு முடியாமல் படுத்தால்தான் தெரியும். பிரசவ கால உதவிக்குக் கணக்கு வேறு, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்திலும் சேர்த்து 70 நாள்.

இன்னொன்றும் உண்டு. நோய்க்காலத்தில் கிடைப்பது சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம். பாதி நாளை ஒரு நாளாக எண்ணி, பாதிச் சம்பளம் மட்டும் காட்டினால் அந்தச் சராசரியே இறங்கிவிடும். இஎஸ்ஐ இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டால் மாதவாரியாக எத்தனை நாள், எவ்வளவு சம்பளம் என்று காட்டியிருப்பது தெரியும். அதை அச்செடுத்துச் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்க. இரண்டும் வேறாக இருந்தால் அதுவே ஒரு ஆதாரம்.

பணிக்கொடையையும் (கிராச்சுவிட்டி) மறக்காதீங்க. வருடத்துக்கு 240 நாள் கணக்கு வேண்டும். மாதம் 15 நாளாகப் போனால் 180, சம்பளத்தோடு வரும் வார ஆஃப் 52 சேர்த்தாலும் 232. மேலே தெற்குவாசல் சொன்ன பதிவேட்டு விஷயம் இங்கேயும் வருகிறது. லே-ஆஃப், அதாவது முதலாளியால் வேலை தர முடியாத நாள், என்று முறைப்படி பதிவான நாள் தொடர் சேவையில் சேரும். சொல்லாமல் கொள்ளாமல் வராத நாள் என்று ஏற்றிவிட்டால் சிக்கல்.

மேலூர் ரோடு:

எங்கே போவது என்பதற்குப் பதில். இதில் நிறையப் பேர் தவறான கதவைத் தட்டிவிட்டு அலைகிறார்கள்.

தொழிலாளர் அலுவலகத்தில் சமரசப் பிரிவுக்குத் தனி ஆளாகப் போய் "மணி நேரத்தைக் குறைக்கிறார்கள்" என்றால், அதைத் தொழிற்தகராறாக எடுக்க மாட்டார்கள். தனி ஆள் நேரடியாகத் தகராறு எழுப்ப முடிவது வேலைநீக்கம் மாதிரி விஷயத்துக்குத்தான். டியூட்டி குறைப்புக்குச் சங்கமோ கூட வேலை பார்க்கிற கணிசமான பேரோ சேர்ந்து எழுப்ப வேண்டும். தனி ஆளுக்குத் திறந்திருக்கிற வழி இரண்டு.

ஒன்று கடைக்குள்ளேயே. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அதில் முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில். தனிநபர் மனு அங்கே எடுபடும், 30 நாளில் முடிக்க வேண்டும். பல கடைகளில் குழுவே இருக்காது. பரவாயில்லை, குழு பெயருக்கே மனு எழுதி நிர்வாகத்திடம் கொடுங்க. இல்லை என்கிற பதிலும் உங்களுக்கு உதவும்.

இரண்டாவது, பிடித்துக்கொண்ட சம்பளத்துக்கான உரிமைக் கோரிக்கை. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பில் இதற்கு 3 வருடம் வரை அவகாசம் இருக்கிறது, அதனால் பதறி அரைகுறை ஆதாரத்தோடு ஓட வேண்டாம். எல்ஓபி தவறு, 12 மணி நேர மீறல், சீட்டு தராதது இவற்றுக்குத் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு. அங்கிருந்து கடைக்கு ஆய்வுக்கு வருவார்கள். ஒரே ஆளின் விவரத்தை மட்டும் எழுதினால் புகார் கொடுத்தது யார் என்று அன்றைக்கே தெரிந்துவிடும். செக்‌ஷனில் எல்லாருக்கும் நடக்கிற மீறலை முன்னால் வைத்து எழுதுவது நல்லது.

இதற்கு மேல் ஒரு விஷயம். வேலை நேரத்தையும் சம்பளத்தையும் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற வேண்டும் என்றால் 21 நாள் முன் நோட்டீஸ் தர வேண்டும். பழைய 1947 தொழிற்தகராறு சட்டத்தில் 9ஏ பிரிவு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பில் 40ஆம் பிரிவு. உங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை. கடிதத்தில் இதை ஒரு வரியில் கேளுங்க.

வேலை போகுமோ என்கிற பயத்துக்கு: ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நிறுத்த, கடைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு விடாது. நோட்டீஸுக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் தரலாம், ஆனால் காரணம் இருந்தே ஆக வேண்டும். அப்படி நிறுத்தினால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான், அதைத் தவற விடாதீங்க. வக்கீல் செலவுக்குத் தயங்க வேண்டாம். மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்தால் அது தொழிலாளர் துறைக்குத்தான் திரும்பி வரும். மனு எண் கிடைப்பது மட்டும் லாபம்.

தெற்குவாசல்:

மேலூர் ரோடு சொன்னது சரி. ஆனால் அலுவலகத்துக்குப் போகும் முன் ஒரு கடிதம் நிர்வாகத்துக்குப் போகட்டும். ஃப்ளோர் மேனேஜரைத் தாண்டி எச்ஆர் அல்லது முதலாளி பெயருக்கு. பல இடங்களில் மேலே இருப்பவர்களுக்கு இது தெரிந்தே இருக்காது. மேனேஜரின் குணத்தைப் பற்றி, அவர் யாருக்கு வேண்டியவர் என்பதைப் பற்றி ஒரு சொல் கூட வேண்டாம். தேதியும் நேரமும் மட்டும். இப்படி எழுதலாம்:

"ஐயா, நான் விற்பனைப் பிரிவில் மாதச் சம்பளத்தில் பணிபுரிகிறேன். இணைப்பில் உள்ள தேதிகளில் நான் பணிக்கு வந்தும் பாதியில் அனுப்பப்பட்டேன். வேறு சில நாட்கள் பணி அட்டவணையில் என் பெயர் சேர்க்கப்படவில்லை. இந்நாட்கள் சம்பளமில்லா விடுப்பாகப் பதிவாகியுள்ளன. நான் விடுப்பு கேட்கவில்லை. பணி நேர மாற்றம் குறித்த முன்னறிவிப்பு எதுவும் எனக்குத் தரப்படவில்லை. பதிவைத் திருத்தி, பிடித்த தொகையை வழங்கவும், வழக்கமான பணி நேரத்தைத் தரவும் கேட்டுக்கொள்கிறேன். எல்லா நாட்களிலும் முழு நேரம் பணியாற்றத் தயாராக உள்ளேன்."

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் கேளுங்க. போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், அன்றைக்கே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதையும் டெலிவரி விவரத்தையும் பிரதியோடு பின் அடித்து வையுங்க. 15 நாள் பார்க்கலாம். அதற்குள் எல்ஓபி திருத்தி வந்தால் அந்தச் சீட்டையும் பத்திரப்படுத்துங்க. வராவிட்டால் இதே கட்டோடு அமலாக்கப் பிரிவுக்குப் போங்க.

கோ.புதூர் வாசகி:

இன்று சார்ட் ஒட்டினார்கள், முழுசாகப் போட்டோ எடுத்துவிட்டேன். லீவ் லெட்டர் கேட்டதற்கு "நான் லீவ் எடுக்கலையே சார்" என்று மட்டும் வாட்ஸ்அப்பில் பதில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தேதி வாரியாகப் பட்டியல் போட்டு, திங்கள் கடிதம் கொடுக்கிறேன். கூட வேலை பார்க்கிற இரண்டு பேருக்கும் பாதி நாள் முழு எல்ஓபியாக ஏறியிருக்கிறதாம், அவர்களும் சீட்டை எடுத்து வருகிறார்கள்.

சம்பளக் கணக்கு:

அப்படியானால் மூன்று பேரும் தனித்தனிக் கடிதம் கொடுங்க, ஒரே தாளில் மூன்று கையெழுத்து வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தேதியும் தொகையும் வேறு. ஒருவர் பின்வாங்கினாலும் மற்றவர்களின் கோரிக்கை அப்படியே நிற்கும்.