பூச்சந்தை ஆய்வுக்கு முகவர் மாதிரி: மூன்று துறைகளும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகின்றனவா?

மாசிப்பனி எழுதியது:

பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வு, இரண்டாம் ஆண்டு. களம் ஒரு பூச்சந்தை. விடியற்காலை மூன்று மணிக்கு மல்லிகை மூட்டைகள் வந்து இறங்கும். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒரே பூ, ஒரே தெரு, பத்தடி தள்ளி இன்னொரு கமிஷன் கடை. ஆனாலும் ஒரு விவசாயி ஆண்டுக்கணக்கில் ஒரே கடையில்தான் மூட்டையை இறக்குகிறார். அவருடைய பங்காளி வாரத்துக்கு மூன்று கடை மாறுகிறார். ஏன் என்பதுதான் என் ஆய்வு.

இதைத் தகவமையும் சிக்கல் அமைப்பாகப் பார்க்கலாம் என்று படித்தேன். அதாவது மேலிருந்து யாரும் ஆட்டுவிக்காமல், ஒவ்வொருவரும் அனுபவத்தால் தம் போக்கை மாற்றிக்கொள்ள, மொத்தத்தில் ஓர் ஒழுங்கு தானாக உருவாவது. நெட்லோகோ மென்பொருளில் ஒரு முகவர் மாதிரி செய்தேன். (முகவர் என்றால் கமிஷன் முகவர் அல்ல, மாதிரிக்குள் தனக்குரிய விதிப்படி தானே முடிவெடுக்கும் ஒவ்வோர் உருவும்.) விவசாயிகள் புள்ளிகள், கடைகள் சதுரங்கள். நேற்று நல்ல விலை கொடுத்த கடைக்கு இன்று போகும் வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான் விதி. சிறிது நேரம் ஓடவிட்டால் பாதிப் புள்ளிகள் ஆளுக்கொரு கடையில் ஒட்டிக்கொள்கின்றன, மீதி அலைகின்றன. சந்தையில் பார்த்தது அப்படியே திரையில் வந்ததும் துள்ளிக் குதித்தேன்.

ஆய்வுக் குழுக் கூட்டத்தில் எல்லாம் இறங்கிவிட்டது. என் நெறியாளர் “இதில் சமநிலை எங்கே?” என்றார், அதாவது யாருக்கும் மாறத் தோன்றாத நிலை. விலங்கியலிலிருந்து வந்தவர் “தேர்வு அழுத்தம் எது?” என்றார், அதாவது எந்தப் போக்கு நிலைக்கும், எது அழியும் என்று தீர்மானிப்பது. இயற்பியல்காரர் “கட்ட மாற்றம் இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டு அதற்குமேல் வாய் திறக்கவில்லை. ஒரே திரையைத்தான் மூவரும் பார்த்தார்கள். எந்தத் துறையின் முறையைப் பிடித்துக்கொள்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கடைமடைக்காரன் பதில்:

தம்பியோ தங்கையோ தெரியவில்லை, எப்படியும் என் பிள்ளைகள் வயதுதான் இருக்கும்.

வேளாண்மைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்குமேல் பூச்சி எண்ணியவன் நான். சொல்லுக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே எண்ணினேன். நெல்லின் தூரைச் சாய்த்துத் தட்டினால், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் புகையான் பொலபொலவென்று விழும். வரப்பில் நின்று பார்த்தால் வயல் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். சில நாளில் வட்ட வட்டமாகத் தீய்ந்துபோய்க் கிடக்கும். சிலந்தியையும் சேர்த்துக் கொல்லும் மருந்தை அடித்த வயலில் அடுத்த முறை புகையான் இன்னும் கூடுதலாக வரும். அதையும் எண்ணி எழுதினேன்.

என் பதிவேட்டில் தூருக்கு எத்தனை பூச்சி என்பதற்குக் கட்டம் உண்டு, அடித்த மருந்துக்கும் உண்டு. பக்கத்து ஊர் எப்போது நட்டது என்பதற்குக் கட்டம் கிடையாது. அது பாசனத்துறை நோட்டில் இருக்கும். அவர்கள் நோட்டில் பூச்சி இருக்காது. உங்கள் குழுவில் இருந்த மூவரும் எனக்கு அந்த நோட்டுகளாகத்தான் தெரிகிறார்கள்.

இரண்டு நோட்டையும் ஒரே மேசையில் விரித்த ஒரு வேலையைச் சொல்கிறேன். இந்தோனேசியாவின் பாலித் தீவு. அங்கே ஒரே வாய்க்காலில் பாயும் வயல்காரர்கள் சேர்ந்த அமைப்புக்குச் ‘சுபக்’ என்று பெயர். எந்தச் சுபக் எப்போது நடுவது, எப்போது தரிசு போடுவது என்பதை நீர்க் கோயில்களில் கூடிப் பேசி முடிவுசெய்வார்கள். நாள் பார்ப்பதற்கு 210 நாள் கொண்ட ஒரு பஞ்சாங்கம். 1970களில் பசுமைப் புரட்சி வந்தது. குறுகிய காலப் பயிர், இயன்றபோதெல்லாம் நடவு என்பது அரசின் ஆணை. கோயில் முறை குலைந்தது. தண்ணீர்த் தகராறும் வந்தது, புகையானும் வந்தது.

ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளர் அந்தக் கோயில்களில் என்ன நடக்கிறது என்று பல ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்தவர். ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளர் கணினி மாதிரி செய்பவர். இருவரும் ஊஸ், பெத்தானு ஆகிய இரண்டு ஆறுகளின் 172 சுபக்குகளை மாதிரியில் ஏற்றினார்கள். 1993இல் கட்டுரை வந்தது.

அதிலுள்ள முடிச்சை டெல்டாக்காரனுக்கு விளக்கவே வேண்டாம். எல்லோரும் ஒரே நாளில் நட்டால் எல்லோருக்கும் ஒரே நாளில் தண்ணீர் வேண்டும், கடைமடை காயும். ஆளுக்கொரு நாளில் நட்டால் தண்ணீர் போதும். ஆனால் பூச்சிக்கு ஆண்டு முழுவதும் எங்காவது பச்சைப் பயிர் கிடைத்துவிடும். பெரிய பரப்பு ஒரே சமயத்தில் தரிசாகக் கிடந்தால்தான் அது பட்டினி கிடந்து சாகும். தலைமடைக்காரன் கடைமடையை மதிப்பதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. தண்ணீருக்கு அவன் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை, ஆனால் கீழே இருப்பவனின் பூச்சி மேலே ஏறிவரும்.

மாதிரியில் சுபக்குக்குக் கொடுத்த விதி ஒன்றே ஒன்று: அக்கம்பக்கத்தில் யாருக்கு அதிக மகசூலோ, அடுத்த ஆண்டு அவருடைய நடவு அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள். தொடக்கத்தில் கண்டபடி அட்டவணை கொடுத்து ஓடவிட்டார்கள். சில ஆண்டுகளிலேயே சேர்ந்து நடும் கூட்டங்கள் திட்டுத் திட்டாக உருவாயின. அந்தத் திட்டுகள் உண்மையான நீர்க் கோயில் வலைப்பின்னலை ஒத்திருந்தன. மேலே ஒரு ராஜா உட்கார்ந்து வரைந்த வரைபடம் என்று கொள்ளத் தேவையில்லை, கீழிருந்தே அது எழ முடியும் என்று தெரிந்தது.

ஓய்வுபெற்ற பிறகு பேரனின் மடிக்கணினியில் இதை நானும் சிறிதாகச் செய்து பார்த்தேன். பத்துக்குப் பத்துக் கட்டம், கட்டத்துக்கு ஓர் ஊர். பூச்சி பரவலைச் சுழியம் ஆக்கினால் நடவு நாள் சிதறிப்போகிறது. தண்ணீரை வேண்டிய மட்டும் கொடுத்தால் எல்லா ஊரும் ஒரே மாதத்துக்கு வந்துவிடுகின்றன. இரண்டையும் இறுக்கினால் திட்டுகள். எனக்கு அன்று தூக்கமே இல்லை.

மறுநாள் பார்த்தால் திட்டெல்லாம் தென்கிழக்கு நோக்கிச் சாய்ந்திருந்தன. காற்று அடிப்பது போல. என் மாதிரியில் காற்றே கிடையாது! மேல் இடது மூலையிலிருந்து வரிசையாக ஒவ்வோர் ஊரையும் முடிவெடுக்க வைத்திருந்தேன். முதலில் மாறிய ஊரைப் பார்த்து அடுத்தது மாற, வரிசையே சாய்வாகிவிட்டது. வரிசையைக் குலுக்கிப் போட்டதும் சாய்வு மறைந்தது. நான் ஒருவன் மட்டும் விழுந்த குழி அல்ல அது. 1992இல் மார்ட்டின் நோவாக், ராபர்ட் மே என்ற இரு ஆய்வாளர்கள், ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தோடு ஒத்துழைக்கலாம் அல்லது ஏமாற்றலாம் என்ற கட்டத்தாள் விளையாட்டில் ஒத்துழைப்பு எப்படித் தழைக்கிறது என்று காட்டினார்கள். எல்லாக் கட்டமும் ஒரே நொடியில் மாறும் என்ற ஏற்பாட்டை எடுத்துவிட்டால் அதே எண்களுக்கு ஒத்துழைப்பு அழிந்துபோகிறது என்று மறு ஆண்டே ஹூபர்மேனும் கிளான்ஸும் எழுதினார்கள்.

உங்கள் விவசாயிகள் எந்த வரிசையில் முடிவெடுக்கிறார்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள். சமநிலை அப்புறம்.

---

ஏழரை பதில்:

பெரியவர் விரிவாகவே எழுதிவிட்டார். இயற்பியல்காரர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதை மட்டும் நான் சொல்கிறேன், நானும் அந்தக் கூட்டம்தான். ஒரு அமைப்பைக் கண்டால் எதையெல்லாம் கழித்துவிடலாம் என்றுதான் எங்கள் கை முதலில் போகும்.

என் பெயருக்குக் காரணம் சனி அல்ல. 1992இல் கை நாகெல், மிகாயேல் ஷ்ரெக்கென்பெர்க் என்ற இரு இயற்பியலாளர்கள், போக்குவரத்தை மாதிரியாக்க, சாலையை ஏழரை மீட்டர்க் கட்டங்களாக வெட்டினார்கள். கட்டத்துக்கு ஒரு கார், அல்லது வெற்றிடம். ஓட்டுநருக்கு நான்கே விதிகள். முடிந்தால் வேகத்தை ஒன்று கூட்டு, முன்னால் கார் இருந்தால் இடைவெளிக்கு ஏற்பக் குறை, சில சமயம் காரணமே இல்லாமல் ஒன்று குறை, பிறகு நகர். ஓட்டுநரின் ஊர், வயது, கோபம் எதுவும் இல்லை. அந்த மூன்றாவது விதியில்தான் உயிர் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் விபத்தோ சிக்னலோ இல்லாமல் தானாகத் தோன்றும் நெரிசல் வராது. நெருக்கம் ஓர் அளவைத் தாண்டினால் சீரான ஓட்டம் உடைந்து நெரிசல் அலையாகிறது. கட்ட மாற்றம் என்று அவர் கேட்டது இந்த மாதிரித் திருப்பத்தைத்தான்.

நான் இதை நம்பியது திரையைப் பார்த்து அல்ல. ஜப்பானில் சுகியாமா குழுவினர் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போங்கள் என்றார்கள். அந்த ஆய்வு 2008இல் வெளியானது. கொஞ்ச நேரத்தில் சில கார்கள் முழுதாக நின்றன. நெரிசல் வண்டிகளுக்கு எதிர்த் திசையில் பின்னோக்கி நகர்ந்தது. பள்ளமும் இல்லை, மாடும் குறுக்கே வரவில்லை.

உங்கள் பூச்சந்தைக்கு மிக நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது: பிரான்ஸின் மார்செய் மீன் சந்தை. விலைப்பலகை கிடையாது, ஒவ்வொரு பேரமும் இருவருக்குள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விற்பனைப் பதிவுகளை வைத்துக்கொண்டு ஆலன் கிர்மன், டொரோத்தியா ஹெர்ரைனர் என்ற பொருளியலாளர்களும் ஜெரார் வைஸ்புக் என்ற இயற்பியலாளரும் 2000இல் எழுதினார்கள். பழைய அனுபவத்தை ஒருவர் எவ்வளவு அழுத்தமாகப் பின்பற்றுகிறார் என்பதற்கு ஒரு எண். அது ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் அலைவார், மேலே போனால் ஒரே கடையில் ஒட்டிக்கொள்வார். நடுவில் அரைகுறை விசுவாசம் கிடையாது. பதிவுகளிலும் இரண்டு வகையினரும் இருந்தார்கள், அடிக்கடி வந்தவர்களே ஒட்டிக்கொண்டவர்கள். அங்கே வாங்குபவர் விற்பவரைத் தேடுகிறார், உங்களிடம் தலைகீழ். கணக்கு ஒன்றுதான். உங்கள் திரையில் வந்தது தற்செயல் அல்ல.

---

தராசுத்தட்டு பதில்:

எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ‘தகவமையும் சிக்கல் அமைப்பு’ என்ற சீட்டை எதன்மேல் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். எறும்புப் புற்றிலும் ஒட்டும், வங்கியிலும் ஒட்டும், என் மாமியார் வீட்டுச் சமையலறையிலும் ஒட்டும். எதில் ஒட்டாது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

நான் ஆறு ஆண்டுகள் ஒரு பூ மண்டியில் கணக்கு எழுதியவன். கேள்வி கேட்டவருக்கு ஒன்று சொல்கிறேன். விவசாயி ஒரே கடையில் ஒட்டிக்கொண்டிருப்பது நேற்றைய நல்ல விலையை நினைத்து அல்ல. முன்பணம். மருந்து வாங்கவும், பெண் கல்யாணத்துக்கும், மோட்டார் சுருள் எரிந்ததற்கும் கடைக்காரர் கொடுத்த பணம். பூ வரும்போதெல்லாம் அதில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். கடன் தீரும்வரை மூட்டை வேறு கடை வாசலில் இறங்காது. பங்காளிக்குக் கடன் இல்லை, அலைகிறார். இதற்கு அனுபவமும் வேண்டாம், கட்ட மாற்றமும் வேண்டாம்.

அதாவது உங்கள் மாதிரி சரியான படத்தைத் தவறான காரணத்தால் வரைந்திருக்கலாம். குடியிருப்புகள் இனவாரியாகப் பிரிவது பற்றி 1971இல் தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளியலாளர் எழுதிய மாதிரி ஒன்று எல்லோருக்கும் தெரியும். நம் ஆட்கள் கொஞ்சம் பேராவது பக்கத்தில் இருக்கட்டும் என்ற மெல்லிய விருப்பமே போதும், ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அமெரிக்க நகரங்கள் பிரிந்ததில் கறுப்பர் பகுதிகளுக்கு வீட்டுக்கடன் மறுத்ததற்கும் பங்கு உண்டு. 1930களில் சிவப்பு மை பூசி வரைந்த வரைபடங்களே இருக்கின்றன. படத்தை மட்டும் பார்த்தால் எதனால் வந்தது என்று தெரியாது.

கடனை முழுதாக அடைத்தவர்களைத் தேடிப் பிடியுங்கள். அடைத்த மறுமாதம் எந்தக் கடைக்குப் போனார்கள்? அங்கேயே இருந்தால் ஏழரை சொல்வது சரி. கிளம்பிவிட்டால் நான் சொல்வது.

---

கடைமடைக்காரன் பதில்:

தராசுத்தட்டு சொல்வதைத் தலையில் வைத்துக்கொள்கிறேன். பாலியிலும் திட்டுகள் வந்துவிட்டன என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. பூச்சியா, தண்ணீர்ப் பற்றாக்குறையா, எது பெரிய பிரச்சினை என்று விவசாயிகளிடமே கேட்டார்கள். தலைமடைக்காரர்கள் பூச்சி என்றார்கள், கடைமடைக்காரர்கள் தண்ணீர் என்றார்கள். விதி சரியா என்று பார்க்க அது தனி வழி.

ஆய்வேட்டில் எழுதும்போது, 2006இல் ஃபோல்கர் கிரிம் முதலான சூழலியலாளர்கள் வகுத்த படிவத்தைப் பின்பற்றுங்கள். யார் யார் முகவர், எந்த வரிசையில் செயல்படுகிறார்கள், எங்கே குலுக்கல் என்று ஒன்றுவிடாமல் கேட்கும். நான் அந்தப் படிவத்தை முதலிலேயே நிரப்பியிருந்தால் தென்கிழக்குக் காற்று வீசியிருக்காது.

---

மாசிப்பனி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. (தங்கைதான் ஐயா.) முன்பணம் என் கேள்வித்தாளில் இருந்தது, ‘பிற’ என்ற தலைப்பின் கீழ். வெட்கமாக இருக்கிறது.

ஒரு கடைக்காரர் பழைய கணக்கு நோட்டைக் காட்டச் சம்மதித்தார், பூ தீர்ந்த பிறகு, அவர் டீ குடிக்கும் நேரத்துக்குள். கடனை அடைத்தவர்களில் சிலர் உடனே கிளம்பியிருக்கிறார்கள். தராசுத்தட்டு அண்ணன் சிரிக்கலாம். ஆனால் பொங்கலுக்கு முன்பே கடனை முடித்த ஒருவர் இன்றும் அதே கடைக்குத்தான் வருகிறார். விலை நல்லதா என்று கேட்டேன். இல்லையாம். அவர் ஊரிலிருந்து இரவு ஒரு மணிக்கு மூட்டை ஏற்றிவரும் மினி லாரி இந்தக் கடைக்காரருடையதாம். வேறு கடைக்குப் போக வேண்டும் என்றால் வேறு வண்டி வேண்டும். வேறு வண்டி அந்த ஊருக்கு வருவதில்லை.

இப்போது அந்த லாரியை நான் எங்கே வைப்பது? அதுவும் ஒரு முகவரா?

---

ஏழரை பதில்:

வையுங்கள். ஒரு கட்டம் போதும், ஏழரை மீட்டருக்குள் அடங்கிவிடும்.