கனடாவில் எந்த ஊர்? வாடகையும் கட்டுப்படியாக வேண்டும், ஒளிந்தும் வாழக்கூடாது

தன்பாலீர்ப்பாளராகவோ திருநராகவோ கனடாவுக்குக் குடியேறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கனடா முழுவதும் தன்பாலினத் திருமணம் 2005 ஜூலை 20 முதல் சட்டப்படி செல்லும். பாலீர்ப்பை மாற்றுகிறோம் என்று நடத்தும் 'சிகிச்சை' 2022 ஜனவரி முதல் குற்றம். இது எந்த ஊருக்குப் போனாலும் ஒன்றுதான். மாகாணத்துக்கு மாகாணம் மாறுவது வாடகைச் சட்டம், மாகாணக் காப்பீட்டுக்கான மருத்துவ அட்டை கிடைக்கும் வேகம், ஊரிலிருக்கும் இணையரை அழைத்துக்கொள்ள ஆகும் காலம். வானவில் கொடி எத்தனை கடையில் தொங்குகிறது என்பதைவிட இந்த மூன்றும்தான் உங்கள் முதல் இரண்டு வருடத்தைத் தீர்மானிக்கும். அதனால் ஊரை இவற்றை வைத்துத் தேடுங்கள்.

டொராண்டோவும் ஸ்கார்பரோ அறையும்

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் இறங்குவது டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் ஒரு தமிழ் வீட்டின் அறையில். தெரிந்தவர் வழியாகக் கிடைக்கும், கிரெடிட் ஹிஸ்டரி கேட்கமாட்டார்கள், பக்கத்திலேயே தமிழ்க் கடை. மலிவு என்பதும் உண்மை. டொராண்டோவில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு விளம்பரத்தில் 2,000 டாலருக்கு மேல் கேட்கும் காலத்தில், அறை வாடகை அதில் பாதிக்கும் கீழே முடிந்துவிடும்.

ஆனால் அந்த அறையில் ஒரு சட்ட ஓட்டை இருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது அது. வீட்டுக்காரர், அவருடைய துணை, பிள்ளை, பெற்றோர் இவர்களில் ஒருவர் அதே வீட்டில் குடியிருந்து, அவர்களோடு நீங்கள் சமையலறையையோ குளியலறையையோ பகிர வேண்டியிருந்தால், டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் குடியிருப்பு வாடகைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. அதைவிட மோசம், ஒன்டாரியோ மனித உரிமைச் சட்டத்தில் வீட்டு வசதிக்கான பாகுபாட்டுத் தடையும் அப்படிப் பகிரும் வீட்டுக்கு விலக்குக் கொடுக்கிறது. உங்கள் காதலர் ஒரு நாள் வந்துபோனதைப் பார்த்துவிட்டு 'இந்த மாதக் கடைசியில் காலி செய்துவிடுங்கள்' என்று சொன்னால், வழக்காட உங்கள் கையில் பெரிதாக ஒன்றும் இருக்காது.

அதே தெருவில், அதே வீட்டுக்காரரின் பேஸ்மென்டை எடுங்கள். தனி கிச்சனும் தனி பாத்ரூமும் இருந்துவிட்டால் நிலைமை தலைகீழ். வாஷிங் மெஷினை மட்டும் பகிர்ந்தாலும் பரவாயில்லை, சட்டப் பாதுகாப்பு முழுதாக உண்டு. அந்த பேஸ்மென்ட் நகராட்சி அனுமதி வாங்காமல் கட்டியதாக இருந்தாலும் வாடகைதாரர் உரிமை போகாது. 'என் அம்மா ஊரிலிருந்து வர்றாங்க, வீடு வேணும்' என்றால்கூட, N12 என்ற படிவத்தில் 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும், ஒரு மாத வாடகையை நஷ்டஈடாகத் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் செய்தி நோட்டீஸ் ஆகாது. படிவமே வந்தாலும், வாடகை வழக்குகளை விசாரிக்கும் வாரியம் உத்தரவு போட்டு, அதை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரிஃப் வரும்வரை உங்களை யாரும் வெளியே தள்ள முடியாது.

அறை பார்க்கப் போகும்போது அதனால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: 'சமையல் எங்கே? அந்த அடுப்பை வேறு யார் பயன்படுத்துவார்கள்?' மாதம் இருநூறு, முந்நூறு கூடினாலும் தனி அடுப்புள்ள இடத்தை எடுங்கள் என்றே சொல்வேன். பகிரும் அறைதான் இப்போதைக்கு முடியும் என்றால், வீட்டுக்காரர் குடியிருக்காத வீடாகப் பாருங்கள். அங்கும் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டை மொத்தமாக லீஸ் எடுத்தவர் உங்களுக்கு ஓர் அறையை விட்டால், உங்கள் பெயர் லீஸில் இல்லாதவரை சட்டத்தின் கண்ணில் நீங்கள் வாடகைதாரர் அல்ல, அறைத்தோழர் மட்டுமே. உரிமையாளரோடு நேரடியாக லீஸ் போடுங்கள்.

முன்பணமாக ஒன்டாரியோவில் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும். சேத டெபாசிட் என்று ஒன்று அங்கே கிடையாது. புதிதாக வந்தவர் என்று தெரிந்ததும் ஆறு மாதம் முன்பணம் கேட்பார்கள், அப்படிக் கட்டாயப்படுத்துவது சட்டவிரோதம். அதோடு கட்டடம் எப்போது கட்டியது என்று கேளுங்கள். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீட்டுக்கு வாடகை உயர்வு வரம்பு இல்லை. அதற்கு முந்தைய வீடென்றால் 2025இல் 2.5 சதவீதம், 2026இல் 2.1 சதவீதம்தான் கூட்டலாம். புது காண்டோவில் முதல் வருடம் நல்ல விலைக்குப் போய், அடுத்த வருடம் 400 டாலர் ஏற்றிக் கேட்கும்போது திகைப்பவர்கள் இதைப் பார்க்காமல் போனவர்கள்.

இவ்வளவு சொன்னாலும், தமிழில் பேசி உதவி பெற வேண்டுமானால் டொராண்டோதான். தெற்காசியர்களிடையே எச்ஐவி தடுப்புக்காக 1989 முதல் இயங்கும் 'அலையன்ஸ் ஃபார் சவுத் ஏஷியன் எய்ட்ஸ் ப்ரிவென்ஷன்', சர்ச் தெருவில் தன்பாலீர்ப்பாளர், திருநர்களுக்கான 'தி 519' சமூக மையம், திருநர் மருத்துவத்துக்கு ஷெர்போர்ன் ஹெல்த், மூன்றும் டவுன்டவுனில். ஸ்கார்பரோவின் பழைய மூன்றாம் ரயில் தடம் 2023 ஜூலையில் நின்றுவிட்டதால், பஸ்ஸில் கென்னடி ஸ்டேஷன் வந்து, இரண்டாம் தடத்தில் ப்ளூர்-யங் வரை போய், அங்கிருந்து தெற்கே ஒரே ஸ்டேஷன் வெல்லெஸ்லி. வீடு கென்னடியிலிருந்து எத்தனை பஸ் தள்ளி என்று பார்த்து எடுங்கள். போகவர மூன்று மணி நேரம் ஆகும் இடத்தில் வீடெடுத்தால் அந்த மையங்களுக்கு இரண்டாம் முறை போகமாட்டீர்கள். தனிமை அப்படித்தான் சேர்கிறது.

இணையர் இன்னும் ஊரில் இருக்கிறாரா?

இருந்தால் ஊர்த் தேர்வே மாறிவிடும். இந்தியாவில் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடி 2018 செப்டம்பர் 6இல் தளர்ந்தது. ஆனால் 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமண உரிமையை ஏற்கவில்லை. இலங்கையில் அதைக் குற்றமாக்கும் 365, 365A பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. எனவே ஊரில் பதிவுத் திருமணம் என்ற வழியே நமக்கு இல்லை. மிஞ்சுவது மூன்று வழிகள்.

ஒன்று, 12 மாதம் தொடர்ந்து ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டுவது. சென்னையில் 'ஃப்ரெண்ட்ஸ்' என்று சொல்லி ஒருவர் பெயரில் மட்டும் வாடகை ஒப்பந்தம் போட்டு வாழ்ந்தவர்களுக்கு இங்கேதான் அடி விழும். இன்னும் கிளம்பவில்லை என்றால் இன்றே ஒப்பந்தத்தில் இரண்டு பெயரையும் சேருங்கள். வங்கி முகவரி, ஆதார் முகவரி இரண்டு பேருக்கும் ஒன்றாக்குங்கள். காப்பீட்டில் ஒருவருக்கு ஒருவர் நாமினி ஆகுங்கள். ஒரே வாசலுக்கு இருவர் பெயரிலும் வந்த பார்சல் ரசீதுகூட மாதவாரியாக அடுக்கினால் பேசும்.

இரண்டு, எங்காவது சட்டப்படி மணப்பது. ஒன்டாரியோவில் திருமண உரிமம் எடுக்க அங்கே குடியிருக்க வேண்டியதில்லை, விசிட்டராக வந்தவரும் எடுக்கலாம், எடுத்த உரிமம் 90 நாள் செல்லும். வீட்டார் வற்புறுத்தலில் முன்பே ஒரு கல்யாணம் நடந்து ஊரில் விவாகரத்து ஆனவர்கள், அந்த விவாகரத்தை ஒன்டாரியோ ஏற்கும் அனுமதியை முதலில் வாங்க வேண்டும். அதற்குத் தனியாகக் காலம் ஒதுக்குங்கள். ஆன்லைனில், ஒருவர் நேரில் இல்லாமல் செய்யும் திருமணத்தைக் கனடா குடிவரவுத் துறை ஏற்காது.

மூன்று, மணக்கவும் முடியாமல் சேர்ந்து வாழவும் முடியாமல் போனவர்களுக்கான 'கான்ஜுகல் பார்ட்னர்' பிரிவு. ஓராண்டு உறவு, சேர முடியாத காரணம் இரண்டையும் நிரூபிக்க வேண்டும். விசிட்டர் விசா மறுத்த கடிதத்தை எறியாதீர்கள், அதுவே சாட்சி. ஸ்பான்சர் செய்யும்போது மட்டுமே இந்தப் பிரிவு உண்டு, திறன் தொழிலாளர்களுக்கான குடிவரவு முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கிடையாது.

வருடக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்துவிட்டு, பயத்தில் பிஆர் (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) விண்ணப்பத்தில் 'சிங்கிள்' என்று எழுதாதீர்கள். பொய்த் தகவலுக்கு 5 வருடத் தடை வரலாம். அன்று பெயர் சொல்லாத இணையரைப் பின்னாளில் ஸ்பான்சர் செய்ய முடியாமலும் போகலாம். விண்ணப்பம் உங்கள் பெற்றோர் கையில் போவதில்லை. அதில் மட்டுமாவது உண்மையை எழுதுங்கள்.

மாண்ட்ரியல்

வாடகைக்கும் நிம்மதிக்கும் சேர்த்துப் பார்த்தால் மனசு இங்கேதான் போகும். பாலீர்ப்பை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று கனடாவில் முதலில், 1977இலேயே, சட்டம் போட்டது மாண்ட்ரியல் இருக்கும் க்யூபெக் மாகாணம். டெபாசிட் வாங்குவதே அங்கே சட்டவிரோதம், முதல் மாத வாடகை மட்டும் தந்தால் போதும். வீட்டு அளவை 3½, 4½ என்று சொல்வார்கள். 3½ என்றால் சமையலறை, கூடம், ஒரு படுக்கையறை, அரை என்பது குளியலறை. ஃப்ரிட்ஜும் அடுப்பும் இல்லாமலே பல வீடுகள் வரும், அந்தச் செலவைக் கணக்கில் சேருங்கள்.

கையெழுத்துப் போடுமுன் லீஸ் படிவத்தில் G பிரிவைப் பாருங்கள். முந்தைய ஆள் என்ன வாடகை கொடுத்தார் என்பதை அங்கே எழுத வேண்டும். காலியாக விட்டிருந்தால் எழுதச் சொல்லுங்கள். F பிரிவில் குறியிட்டிருந்தால் அது புதுக் கட்டடம், முதல் ஐந்து வருடம் வாடகையை எப்படியும் ஏற்றலாம். லீஸ்கள் பெரும்பாலும் ஜூலை 1இல் மாறுவதால் மார்ச், ஏப்ரலில் தேட ஆரம்பியுங்கள்.

பார்க்-எக்ஸ்டென்ஷனில் தெற்காசியக் கடைகள் நிறைய. பார்க் ஸ்டேஷனில் ஏறி ஜான்-டலோனில் ஆரஞ்சுத் தடம், பெர்ரி-யூக்வாமில் பச்சைத் தடம் மாறினால் அடுத்த ஸ்டேஷன் போட்ரி. இறங்கினால் வில்லேஜ், தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் பகுதி. தமிழ்க் கடையும் வில்லேஜும் ஒரே மெட்ரோ வலைக்குள், ஆனால் ஒன்றின் கண்ணில் மற்றொன்று படாத தூரத்தில். முழுதாக வெளிப்படாமல் வாழ்பவர்களுக்கு இந்தத் தூரம் பெரிய நிம்மதி. தன்பாலீர்ப்பாளர், திருநர்களான குடியேறிகளுக்கும் அகதிகளுக்கும் 'அஜிர்' அமைப்பு இருக்கிறது.

தடுக்குவது மூன்று. பிரெஞ்சு இல்லாமல் வேலை வாய்ப்பு சுருங்கும். மருத்துவ அட்டைக்கு மூன்று மாதம் வரை காத்திருக்க வேண்டும், அந்த இடைவெளிக்குத் தனியார் காப்பீடு எடுங்கள் (ஒன்டாரியோவில் 2020 முதல் காத்திருப்பு இல்லை). மூன்றாவதுதான் முக்கியம். க்யூபெக் 2024இல் குடும்ப ஸ்பான்சர் விண்ணப்பங்களுக்கு எண்ணிக்கை வரம்பு போட்டது, அங்கிருந்து இணையரை அழைக்க மற்ற மாகாணங்களைவிட அதிகக் காலம் ஆகிறது. இணையர் ஊரில் இருந்தால், அவர் வந்து சேரும்வரை ஒன்டாரியோவிலோ மானிடோபாவிலோ இருங்கள். மேலும், எக்ஸ்பிரஸ் என்ட்ரி விண்ணப்பமே க்யூபெக்குக்கு வெளியே வாழும் எண்ணத்தோடு தருவது. மாண்ட்ரியலை மனதில் வைத்துக்கொண்டு அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வின்னிபெக், எட்மண்டன்

இரண்டிலும் ஒரு படுக்கையறை வீடு பொதுவாக 1,500 டாலருக்குக் கீழே. மானிடோபாவின் வின்னிபெக்கில் டெபாசிட் அரை மாத வாடகைதான், வாடகைக் கட்டுப்பாடும் உண்டு. வெளிப்படையாகத் தன்பாலீர்ப்பாளராக இருந்த க்ளென் மரேயை 1998இலேயே மேயராக்கிய ஊர். ரெயின்போ ரிசோர்ஸ் சென்டரும் 'க்ளினிக்' என்ற சமூக சுகாதார மையமும் நல்ல துணை. தமிழர் குறைவு. குளிர் மைனஸ் 30 போகும், அதனால் கார் நிறுத்தும் இடத்தில் எஞ்சின் ஹீட்டருக்கு ப்ளக் இருக்கிறதா, வாடகையில் ஹீட்டிங் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்மண்டனில் மாகாண விற்பனை வரி இல்லை, 5 சதவீதம் மட்டும். ஆனால் அது இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு கிடையாது. 2024 டிசம்பரில் அங்கே நிறைவேறிய சட்டங்கள் திருநர் பிள்ளைகளின் ஹார்மோன் சிகிச்சையையும் பள்ளியில் பெயர் மாற்றத்தையும் கட்டுப்படுத்துகின்றன. சஸ்காச்சுவானிலும் 16 வயதுக்குக் கீழே பள்ளியில் பெயர் மாற்ற 2023 முதல் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். உங்களோடு வரும் பிள்ளை திருநராக இருந்தால் வாடகை எவ்வளவு மலிவானாலும் இந்த இரண்டு மாகாணங்களையும் தவிருங்கள்.

திருநர்கள் கிளம்புமுன் செய்ய ஒன்று: ஊரில் எடுத்த ஹார்மோனின் பெயர், அளவு, கடைசி ரத்தப் பரிசோதனை இவற்றை மருத்துவர் கடிதமாக ஆங்கிலத்தில் வாங்கி, மூன்று மாத மாத்திரையைச் சீட்டோடு கொண்டுவாருங்கள். ஒன்டாரியோவில் அறுவைச் சிகிச்சைகளை மாகாணக் காப்பீடு ஏற்கும், மாத்திரைச் செலவை எல்லோருக்கும் ஏற்காது. தனியார் காப்பீடு இல்லாத 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு மாகாணத்தின் ஓஹிப் ப்ளஸ் மருந்துத் திட்டம், மற்றவர்களுக்கு ட்ரில்லியம் மருந்துத் திட்டம். ட்ரில்லியம் வருமானத்தைப் பார்த்துக் கணக்கிடுவதால், வந்த முதல் மாதமே விண்ணப்பித்துவிடுங்கள்.