சம்மட்டிக்கு நிலம் சொன்னதும் சொல்லாததும்

அலை அனுப்பி நிலத்தடியைப் பார்க்கும் வேலையை நேரில் கண்டவர்கள், செய்தவர்கள் எழுதுங்கள். முதலில் என் கதை.

ஒன்பது வருடமாகக் கொழும்பில் மண் பரிசோதனைக் குழு ஒன்றில் இருக்கிறேன். சேர்ந்த புதிதில் என் கையில் தந்தது சம்மட்டி. அத்திடியப் பக்கம் நாற்பது பேர்ச்சஸ் காணி (ஒரு பேர்ச் ஏறக்குறைய 25 சதுர மீட்டர்), நான்கு மாடி எழும்பப் போகிறது. 24 ஜியோபோன்களை இரண்டு மீட்டருக்கு ஒன்றாக ஒரே கோட்டில் நட்டோம்.

ஜியோபோன் உள்ளங்கைக்குள் அடங்கும். அடியில் ஆணி போல ஒரு முனை, உள்ளே காந்தம், அதைச் சுற்றி ஸ்பிரிங்கில் தொங்கும் கம்பிச்சுருள். நிலம் மயிரிழை அசைந்தால் காந்தமும் கூட அசையும், சுருள் பின்தங்கும், அதில் மின்சாரம் பிறக்கும். தெருவில் ஓட்டோ போனாலே திரையில் 24 கோடும் நடுங்கும். பஸ் வந்தால் எல்லாரும் அசையாமல் நிற்போம். தெரு ஓய்ந்ததும் இரும்புத் தட்டில் ஓங்கி ஓர் அடி. ஒரே இடத்தில் பத்து அடி அடித்து எல்லாவற்றையும் கூட்டினால் தெரு இரைச்சல் அமுங்கி, அடியின் அலை எடுப்பாகத் தெரியும்.

அலை வந்து சேரும் நேரம்தான் கணக்கு. காய்ந்த மண்ணில் செக்கனுக்குச் சில நூறு மீட்டர், நீர் ஊறிய மண்ணில் 1,500 அளவில், கொழும்பின் அடியில் கிடக்கும் நைஸ் என்ற கடும்பாறை சிதையாமல் இருந்தால் 5,000 வரை. பாறையைத் தொட்ட அலை அதன் மேல்முகத்தோடு விரைந்து ஓடி, தூரத்து ஜியோபோனுக்கு மேல்மண் வழியாக வரும் அலையை முந்திவிடும். எங்கே முந்துகிறது என்று பார்த்தால் பாறையின் ஆழம் கிடைக்கும்.

காணிக்கார ஐயா கிட்ட வந்து, "தம்பி, கீழ என்ன தெரியுது?" என்றார். கணக்கு வந்ததும், "கிரவல், அதுக்குக் கீழ ஈர மண், 11 மீட்டரில பாறை" என்று நானே போய்ச் சொன்னேன். மறுவாரம் துளை போட்டார்கள். கிரவலுக்குக் கீழே, மக்கியும் மக்காத வேரும் இலையுமாகக் கறுத்த சதுப்பு மண், இரண்டு மீட்டருக்கு மேல். நசுக்கினால் விரலிடுக்கில் தண்ணீர் வடிந்தது. பாறையோ 9 மீட்டரிலேயே வந்துவிட்டது.

கீழே போகப் போக வேகம் கூடினால்தான் அந்த முறை சரிவரும். சதுப்பு மண்ணில் வாயுக் குமிழ்கள் இருந்தால், நீர் ஊறியிருந்தும் அலை மெதுவாகிவிடும். மெதுவான படைக்குள் நுழையும் அலை கீழ்நோக்கி வளையும். அந்தப் படையின் முகத்தோடு ஓடி மேலே திரும்பாது. அதனால் எங்கள் கணக்கில் அந்தப் படையே இல்லை. அது தின்ற நேரத்தைப் பாறையின் ஆழத்தோடு சேர்த்து எழுதிவிட்டோம். அப்புறம் நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் அலைகளைக் கொண்டு திரும்பப் பார்த்தோம், மெத்தென்ற படை தெரிந்தது. கட்டடம் இப்போது பைல் மேல், அதாவது நிலத்துக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள் மேல் நிற்கிறது. ஐயாவிடம் அவ்வளவு உறுதியாகச் சொன்னது இன்றும் உறுத்துகிறது.

வெள்ளவத்தையிலிருந்து:
நான் ஆய்வுக் கப்பலில் இருந்தவன். அங்கே சம்மட்டிக்குப் பதில், அழுத்திய காற்றைத் தண்ணீருக்குள் வெடிக்க விடும் காற்றுத் துப்பாக்கி. பத்துச் செக்கனுக்கு ஒரு தரம், இரவு பகலாக; படுத்தால் தலையணை வழியாகக் கேட்கும். கப்பலுக்குப் பின்னால் கிலோமீட்டர் கணக்கில் நீளும் கேபிளில் ஹைட்ரோபோன்கள், அதாவது நீருக்குள் ஒலி கேட்கும் கருவிகள், எதிரொலியைப் பிடிக்கும். மன்னார்ப் படுகையில் 2011இல் கெய்ர்ன் நிறுவனம் எரிவாயுவைக் கண்டதும் இப்படி எடுத்த படங்களை வைத்துத் துளையிட்டுத்தான். உங்களை ஏமாற்றியது மெத்தென்ற படை. கடலில் தொல்லை இறுகிய எரிமலைப் பாறை. அலையின் பெரும்பங்கை அதுவே திருப்பிவிடும், அதற்குக் கீழே படம் மங்கிப்போகும்.

வத்தளையிலிருந்து:
முத்துராஜவெலச் சதுப்புக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஒன்றும் பார்க்காமல் கட்டினோம். ஆறு வருடத்தில் குசினிப் பக்கம் இறங்கி, பின்கதவு பூட்டுப்படவில்லை. தங்கச்சி பக்கத்துக் காணியில் கட்டப் போகிறாள், 12 பேர்ச்சஸ். தம்பி, இந்தச் சோதனை செய்யலாமா?

முதலில் எழுதியவர்:
அக்கா, பார்க்க வேண்டிய ஆழத்தைப்போல நான்கைந்து மடங்கு நீளத்துக்குக் கோடு போட வேண்டும். 12 பேர்ச்சஸில் இடம் காணாது. துளையே போடுங்கள். மழை விட்ட பிறகு தண்ணீர் கடைசியாக வற்றும் மூலை எது என்று பார்த்து, அங்கே ஒன்று கட்டாயம் போடச் சொல்லுங்கள்.