பிரிக்காத நிக் ஃபியூரி, 300 வெள்ளி: வாங்கலாமா?

தேக்காவாசி:
வணக்கம். என்னுடன் வேலை பார்த்த ஒருவர் சிங்கப்பூரைக் காலி செய்துகொண்டு ஊருக்குக் கிளம்புகிறார். அவரிடம் ஒரு நிக் ஃபியூரி பொம்மை இருக்கிறது, மார்வெல் கதைகளில் வரும் ஒற்றைக்கண் உளவுத் தலைவர். 2012-ல் வந்த 'தி அவெஞ்சர்ஸ்' படத்தின் உருவம், ஆறில் ஒரு பங்கு அளவு, கிட்டத்தட்ட ஓரடி உயரம். வாங்கிய நாளிலிருந்து பழுப்பு அட்டைப்பெட்டிக்குள்ளேயே கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கிறது. ஒட்டுநாடாகூடப் பிரியவில்லை. 300 வெள்ளி கேட்கிறார், ஒரு வெள்ளி குறைக்கமாட்டாராம்.

நான் இதுவரை சேர்த்ததெல்லாம் சின்ன அளவு மார்வெல் லெஜண்ட்ஸ் பொம்மைகள்தான். இவ்வளவு பணம் போடுவது இதுவே முதல் தடவை. வீட்டில் "ஒரு ஃபிகர் பார்த்து வைத்திருக்கிறேன்" என்று வாய் தவறிச் சொல்லி, அந்தச் சண்டை இப்போதுதான் ஓய்ந்தது. இதற்கு எப்படி விலை மதிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிவப்புமுகமூடி:
பிரிக்காததா? யோசிக்காமல் தூக்குங்கள் அண்ணே. பிரிக்காத பெட்டிக்கு எப்போதும் தனி மவுசு. நீங்களும் பிரிக்காமல் வைத்து இன்னும் ஐந்து வருடம் கழித்து விற்கலாம்.

பழையபெட்டி:
தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. மற்ற பொம்மைகளுக்கு நீங்கள் சொல்வது சரி. நிக் ஃபியூரிக்கு மட்டும் 'பிரிக்காதது' என்று கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஃபியூரியிடம் என்ன இருக்கிறது? இடது கண்மேல் ஒரு மறைப்பு, அப்புறம் முழங்காலுக்குக் கீழே இறங்கும் கறுப்புத் தோல் கோட்டு. நிஜத் தோலை ஓரடிப் பொம்மைக்குத் தைத்தால் தார்ப்பாய் மாதிரி விறைத்து நிற்கும். அதனால் துணிமேல் பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோலில் தைப்பது வழக்கம். ரெக்சினின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சின் இணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். வெயில் பட வேண்டியதில்லை, கையும் பட வேண்டியதில்லை. அட்டைப்பெட்டி ஈரத்தைத் தடுக்காது. பீரோவில் பத்திரமாக வைத்த ஷூ, கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போன அன்று அடி பெயர்ந்து வாயைப் பிளக்குமே, பெரும்பாலும் அதற்கும் இதே காரணம்தான். சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். அதில் பத்து வருடத்துக்கு மேல் கட்டிலுக்கு அடியில்!

நானே இதில் சூடுபட்டவன். தோல் ஜாக்கெட் போட்ட ஒரு உருவத்தை, யார் செய்தது என்பது வேண்டாம், பிரிக்காத பெட்டி என்று நம்பி முழு விலை கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து கையைத் தூக்கினேன். அக்குளிலிருந்து கருகிய அப்பளம் மாதிரி உதிர்ந்தது. விற்றவர்மேல் குற்றம் சொல்ல முடியவில்லை, அவரும் உள்ளே பார்த்ததில்லை.

ஆகவே பிரிக்கச் சொல்லுங்கள், உங்கள் கண்ணெதிரே. "பிரித்தால் மதிப்புப் போய்விடும்" என்பார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால் கத்தியை எடுக்கும் முன்பே இரண்டு விலை பேசிவிடுங்கள்: கோட்டு நன்றாக இருந்தால் 300, உதிர்ந்திருந்தால் 150, எதுவானாலும் நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள். அவருக்கும் பயம் இல்லை.

பிரித்ததும் கோட்டை மடக்கிப் பார்க்காதீர்கள். முழங்கை உட்புறம், அக்குள், காலர் மடிப்பு இந்த மூன்று இடத்திலும் வெள்ளைத் துணியை லேசாக ஒற்றி எடுங்கள். கறுப்புத் துகள் ஒட்டினால் ஆரம்பமாகிவிட்டது. பிறகு பிளாஸ்டிக் பாகங்கள். மாற்றுக் கைகள் பிசுபிசுவென்று இருக்கலாம், மென்மையூட்டி கசிந்திருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவினால் போகும், அதற்கு விலை குறைக்க வேண்டாம். கையைப் பொருத்தும் மணிக்கட்டு முளை உடைந்திருந்தால் குறைக்க வேண்டும். பெட்டிக்குள் பொம்மையை வைத்திருக்கும் தட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு இருக்கும், பலர் பார்க்காமலே விடுவார்கள். பெட்டியின் பின்பக்கப் படத்தோடு ஒவ்வொன்றாக எண்ணுங்கள்.

முகத்துக்குத்தான் நான் அதிகம் கொடுப்பேன். 2002-ல் வந்த 'தி அல்டிமேட்ஸ்' காமிக்ஸிலேயே ஃபியூரியை நடிகர் சாமுவேல் ஜாக்சன் சாயலில் வரைந்துவிட்டார்கள். 2008-ல் 'அயர்ன் மேன்' படம் முடிந்தபின் வரும் காட்சியில் அவரே வந்து நின்றார். பாத்திரமும் நடிகரும் அவ்வளவு ஒட்டிப்போன முகம். கண்மறைப்பைத் தாண்டி வெளியே வரும் தழும்புக் கோடுகளையும் தாடியின் ஓரத்தையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தலையை மட்டும் மலிவான நகலுக்கு மாற்றியிருந்தால் அந்த இரண்டு இடத்தில் வண்ணம் வழிந்திருக்கும். உங்களுடையது நாடா பிரியாதது என்பதால் அந்தக் கவலை குறைவு.

சிவப்புமுகமூடி:
அண்ணே, என் வீட்டில் பிரிக்காத பெட்டி ஒன்று இருக்கிறது. தோல் ஜாக்கெட்தான். இப்போது பிரிக்கவா வேண்டாமா?

பழையபெட்டி:
பிரித்து, ஜாக்கெட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தாளுக்கும் நடுவில் அமிலமில்லாத டிஷ்யூ காகிதம் வையுங்கள். பிளாஸ்டிக் தாள் நேராக ஜாக்கெட்டில் ஒட்டிக்கொண்டால் உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும்.

தேக்காவாசி:
நேற்று போனேன். இரண்டு விலை என்றதும் முதலில் முறைத்தார், பிறகு அவரே கத்தி எடுத்து வந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்துப் பிரித்தார். முகம் பிரமாதம். தழும்புகூட முடி அளவு மெல்லியதாக இருக்கிறது. துப்பாக்கி, கைகள், பெயர் போட்ட நிலைமேடை எல்லாம் சரி. கோட்டின் முன்பக்கமும் காலரும் பளபளவென்று இருந்தன. இடது முழங்கையில் வெள்ளைத் துணியை ஒற்றினேன், கறுப்பாக வந்தது. பின்பக்கம், கால்களுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த இடத்தில் நீளமாக ஒரு விரிசல், உள்ளே நூல் தெரிகிறது.

150 என்று பேசியிருந்தோம். மனிதர் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்து 180 கொடுத்தேன். இது தப்பா என்று தெரியவில்லை.

கைகளை மாற்றப் பார்த்தேன், மணிக்கட்டு இறுகியிருக்கிறது. கோட்டுக்கு ஷூ பாலிஷ் போட்டால் நிற்குமா?

பழையபெட்டி:
180 தப்பே இல்லை. அந்த முகத்துக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பாலிஷ் வேண்டவே வேண்டாம். அது நிஜத் தோலுக்கு உள்ளது. இங்கே அடியில் இருப்பது துணி, பாலிஷ் ஊறி இன்னும் பிய்த்துக்கொண்டு வரும். கையை இழுக்கும் முன் ஹேர் டிரையரில் அரை நிமிடம் சூடு காட்டுங்கள், ஆனால் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு. கழற்றும்போது இடது கையைக் கடைசியாக எடுங்கள். நிற்க வைக்கும்போது இரண்டு கையும் நேராகத் தொங்கட்டும். கண்ணாடி அலமாரி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், முதுகு சுவர்ப்பக்கம்.

இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் புதுக் கோட்டு தைக்க வேண்டியிருக்கும். இந்த அளவுக்குத் தைத்து விற்பவர்கள் உண்டு. பின்னாளில் விற்பதாக இருந்தால், கோட்டு மாற்றியது என்று சொல்லியே விற்க வேண்டும். பழையது முழுக்க உதிர்ந்தாலும் எறிந்துவிடாதீர்கள். தையற்காரர் வெட்டு மாதிரி கேட்பார்.