ஈஸ்டர் கப் கேக் அலங்காரம்: இன்னும் மனதில் நிற்கும் சம்பவம் எது?

பாசையூர் அக்கா:
ஈஸ்டருக்கு முதல் நாள், பெரிய சனி பின்னேரம். பட்டர் ஐசிங்கில் மஞ்சள் கோழிக்குஞ்சு வைத்து, கண்ணுக்குக் கறுப்பு எள்ளும் ஒட்டி முடித்துவிட்டேன். இரவுப் பூசைக்கு வெளிக்கிடும் நேரம் கரண்ட் போனது. திரும்பி வந்தும் கரண்ட் இல்லை. மெழுகுதிரியோடு குசினிக்குள் போனால், குஞ்சுகளின் தலை சரிந்து கடதாசிக் கப்பில் வழிந்து கிடக்கிறது. குனிந்து பார்க்கப் போனேன். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "கிட்டக் கொண்டு போகாதேங்கோ அம்மா, இன்னும் உருகிப்போயிடும்." அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. விடியமுன் எல்லாவற்றையும் வழித்துவிட்டு, பச்சைச் சாயம் பிசைந்த தேங்காய்ப்பூவைத் தூவினேன். வடிவாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளை கேட்டது குஞ்சு.

கொழும்புத்துறை தம்பி:
அக்கா, சித்திரை வெயிலில் பட்டர் ஐசிங்கை நம்பவே கூடாது. பட்டர் 32 முதல் 35 பாகை செல்சியசில் உருகும். எங்கள் யாழ்ப்பாணப் பகலும் அந்த அளவுதான். கரண்ட் இருந்திருந்தாலும் பிறிஜ்ஜுக்கு வெளியே நின்றிருக்காது. றோயல் ஐசிங் செய்யுங்கள். ஒரு வெள்ளைக்கருவுக்கு ஏறக்குறைய 225 கிராம் ஐசிங் சீனி, சில துளி தேசிக்காய்ப் புளி. சீனியை அரித்தே ஆகவேண்டும், கட்டி இருந்தால் ஐசிங் பிழியும் நொசில் அடைக்கும். கிண்ணத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் வெள்ளைக்கரு நுரைக்காது. அடித்ததை ஈரத்துணியால் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் பொருக்குக் கட்டும். பச்சை முட்டைக்குப் பயமென்றால் வெள்ளைக்கருத் தூள் பாவிக்கலாம்.

என்னுடையது சின்னச் சம்பவம். கோயில் முற்றத்தில் ஒரு வயதானவருக்கு, ஐசிங்கில் சிலுவை போட்ட கேக் ஒன்று கொடுத்தேன். சிலுவையில் பல் படக்கூடாது என்று சுற்றிவரக் கடித்துச் சாப்பிட்டுவிட்டு, நடுத்துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அதன்பிறகு நான் சிலுவை போடுவதில்லை.

குருநகரிலிருந்து:
தம்பி, றோயல் ஐசிங் காய்ந்தால் கல்லு. சின்னப் பிள்ளைகள் கடிக்கமாட்டார்கள். பட்டரில் பாதியைக் குறைத்து வெள்ளை ஷோர்ட்னிங் (கெட்டியான தாவரக் கொழுப்பு) சேர்த்தால் கொஞ்சநேரம் தாக்குப்பிடிக்கும்.

எனக்கு 2019 ஏப்ரல் 21, தேவாலயங்களில் குண்டு வெடித்த ஈஸ்டர் ஞாயிறுதான். பூசை முடிந்து வந்து, அயலுக்குக் கொடுக்கத் தட்டுகளில் அடுக்கி மூடி வைத்திருந்தோம். ரோசாவும் ஊதாவுமாகப் பூப்போட்ட கேக்குகள். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, பிறகு மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. ஊரடங்கும் போட்டுவிட்டார்கள். அந்த நிறங்களைப் பார்க்கவே முடியவில்லை, யாருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது? பக்கத்து வீட்டுச் சைவக்கார அம்மாதான் வேலிக்கு மேலால் கை நீட்டினார். "தாங்கோ பிள்ளை, நான் வாங்கிறன்." அவர் முட்டை தொடாதவர். ஏன் வாங்கினார் என்று நான் கேட்கவே இல்லை.

நல்லூரிலிருந்து:
சைவ வீடுகளுக்குக் கொடுப்பவர்கள் கவனியுங்கள். றோயல் ஐசிங்கிலும் முட்டைதான். சிநேகிதி வீட்டுத் தட்டில் ஒரு கேக் மட்டும் தனியாகக் கடதாசி சுற்றி வரும். அது எங்கள் அம்மம்மாவுக்கு. முட்டைக்குப் பதில் தயிரும் அப்பச்சோடாவும் போட்டது. மேலே பாலில் குழைத்த ஐசிங் சீனி, இரண்டு துளி பீற்றூட் சாறு. அவ்வளவே போதும். அம்மம்மா அதை யாருக்கும் பிய்த்துக் கொடுக்கமாட்டா.