சனி சூரியனை மறைக்கும் படம்: பள்ளிச் சுவரில் மாட்டலாமா?

கேள்வி: தாழ்வாரச்சுவர்

எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு பெரிய சுவர் வெறுமையாகக் கிடக்கிறது. ஐந்தடி அகலத்தில் கோள் படம் ஒன்றை அச்சிட்டு மாட்டத் தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். ஒரே ஒரு படத்துக்குத்தான் காசு. என் மனதில் இருப்பது காசினி விண்கலம் எடுத்த சனி. நடுவில் கோள் இருட்டாக இருக்க, சுற்றிலும் வளையங்கள் ஒளிரும், அந்தப் படம். உடன் வேலை செய்யும் ஆசிரியர் ஒருவர் "அது கிராபிக்ஸ் டீச்சர், போட்டோவே இல்லை" என்கிறார். பிள்ளைகள் தினமும் பார்க்கப்போகிற சுவர். பொய்யை மாட்ட எனக்கு மனமில்லை. உண்மையாகவே கேமராவில் எடுத்ததா? நிறமும் அப்படியேதானா? இதைவிட நல்ல படம் இருந்தாலும் சொல்லுங்கள்.

பதில்: இரவுவானம்

உண்மையான படம்தான் டீச்சர், தைரியமாக மாட்டுங்கள். 2013 ஜூலை 19 அன்று காசினி சனியின் நிழலுக்குள் போனபோது எடுத்தது. ஆனால் ஒரே தடவையில் எடுத்ததல்ல. அகலக்கோணக் கேமராவில் பதிவான 141 படங்களை ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள். காசினியின் கேமரா கறுப்பு வெள்ளையில்தான் பதிந்தது. ஒரே இடத்தைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே எடுத்து, மூன்றையும் சேர்த்தால் வண்ணம் கிடைக்கும். இதில் நம் கண்ணுக்குத் தெரியக்கூடிய நிறத்தையே தந்திருக்கிறார்கள்.

சூரியன் எதிரே இருக்கும்போது எடுத்த கோள் படங்கள் மேல் எனக்குத் தனிப் பைத்தியம் உண்டு, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். மாலை வெயிலுக்கு எதிரே பஸ் போகும்போது, அதுவரை தெரியாத தூசியெல்லாம் முன்கண்ணாடியில் பளிச்சென்று தெரியுமே, அந்தச் சங்கதிதான் இது. மிக நுண்ணிய துகள்கள் தங்கள் மேல் படும் ஒளியில் பெரும்பகுதியை அது போகிற திசையிலேயே சிதறவிடும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்தால் அந்த ஒளி கேமராவுக்கு வராது. எதிரே வைத்தால் வரும். படத்தில் எல்லாவற்றுக்கும் வெளியே மங்கலாகப் பரந்திருக்கிறதே ஈ (E) வளையம், அது இவ்வளவு எடுப்பாகத் தெரிவது இதனால்தான். அதன் பனித்துகள்கள் என்செலடஸ் நிலவிலிருந்து வருபவை. வெறும் 500 கி.மீ. குறுக்களவுள்ள நிலவு அது. தென்முனை விரிசல்கள் வழியே நீராவியையும் பனியையும் விண்வெளிக்குள் பீய்ச்சுகிறது! அந்தப் பீய்ச்சல்களை அழகாகக் காட்டிய 2005 நவம்பர் படங்களும் இப்படி எதிர்வெளிச்சத்தில் எடுத்தவையே.

அப்புறம், வலப்பக்கம் வளையங்களுக்குக் கீழே ஒரு நீலப் புள்ளி இருக்கும். அது பூமி. அங்கிருந்து ஏறக்குறைய 144 கோடி கி.மீ. தூரம். சனியிலிருந்து பார்த்தால் பூமி எப்போதும் சூரியனுக்குப் பக்கத்திலேயே தெரியும். சூரியன் மறைக்கப்படாத நேரத்தில் கேமராவை அந்தப் பக்கம் திருப்பினால் அதன் உணரி கெட்டுப்போகலாம். சனி குறுக்கே நின்றதால்தான் இது முடிந்தது.

பதில்: பனிமலை

சனி அழகுதான். ஆனால் என் ஓட்டு புளூட்டோவுக்கு. 2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவை நெருங்கிக் கடந்து, ஏறக்குறைய 15 நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்து எடுத்த படம். தூரம் 18,000 கி.மீ. சாய்ந்த வெயிலில் 3,500 மீட்டர் வரை உயர்ந்த பனிமலைகள், அவற்றின் நீண்ட நிழல்கள், மேலே அடுக்கடுக்காக மூட்டம். பூமியோடு ஒப்பிட்டால் அங்கே காற்றழுத்தம் லட்சத்தில் ஒரு பங்குதான். அதற்குள் இத்தனை அடுக்குகள் இருக்கும் என்பதை எதிர்வெளிச்சம் இல்லாமல் கண்டிருக்க முடியுமா? அந்தச் சந்திப்பில் திரட்டிய தகவல் முழுவதும் பூமிக்கு வந்துசேர 2016 அக்டோபர் ஆகிவிட்டது. இவ்வளவு பொறுமையாகக் காத்திருந்து வாங்கிய படத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாமா?

பதில்: பழையபிரதி

அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், வியாழனின் நிலவான ஐயோவை (Io) பற்றியும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 1979 மார்ச்சில் வாயேஜர் 1 வியாழனைக் கடந்துபோன பின், 45 லட்சம் கி.மீ. தூரத்திலிருந்து எடுத்த படம். விண்கலம் எங்கே இருக்கிறது என்று விண்மீன்களை வைத்துக் கணிக்க எடுத்தது, அழகுக்காக அல்ல. வழிகாட்டுப் பிரிவுப் பொறியாளர் லிண்டா மொராபிட்டோ மங்கலான விண்மீன்களைத் தேடிப் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டியபோது, பிறை வடிவ ஐயோவின் விளிம்புக்கு வெளியே குடை போல ஏதோ எழும்பி நின்றது. எரிமலைப் புகை! பூமிக்கு வெளியே குமுறிக்கொண்டிருக்கும் எரிமலையை மனிதர்கள் கண்டது அதுவே முதல் முறை. ஐந்தடிக்குப் பெரிதாக்கினால் தாங்காது, ஏ4 தாளில் ஆய்வகச் சுவருக்குப் போதும்.

தாழ்வாரச்சுவர்

மூவருக்கும் மிக்க நன்றி. சனியையே அச்சிடப் போகிறேன். ஐயோ ஆய்வகத்துக்கு. புளூட்டோவுக்கு அடுத்த ஆண்டு நிதி கேட்டுப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: சனி படம் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று மங்கல், ஒன்று பளிச். எதை எடுப்பது? பூமியைக் காட்ட ஓர் அம்புக்குறி போடலாமா?

பதில்: இரவுவானம்

மங்கலானது இயல்பு நிறத்தில் உள்ளது. மற்றதில் வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டியிருக்கிறார்கள், அதை அவர்களே சொல்லியும் இருக்கிறார்கள். இயல்பு நிறத்தையே எடுங்கள். ஆனால் அச்சில் கறுப்பு இன்னும் அடர்ந்து ஈ வளையம் காணாமல் போகலாம். அதனால் முதலில் ஓரடித் துண்டு ஒன்றைச் சோதனைக்கு அச்சிட்டு, தாழ்வார வெளிச்சத்திலேயே வைத்துப் பாருங்கள். மங்கினால், கூட்டிய படத்தை மாட்டி, கூட்டியது என்று கீழே எழுதிவிடுங்கள். படத்தின் மேல் அம்புக்குறி வேண்டாம் டீச்சர். பூமி எங்கே என்று பிள்ளைகள் முதலில் தேடட்டும், விடையைப் பக்கத்தில் சின்ன வரைபடமாக ஒட்டிக்கொள்ளலாம்.