காரைக்குடிப் பக்கம் மனநல சமூகப் பணியாளர் யாராவது இருக்கிறார்களா?

வணக்கம். காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை வட்டாரத்தில் மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களின் வீடுகளுக்கு வாரம் ஒரு நாள் போய்வர ஒருவர் தேவை. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) மட்டும் போதாது, 2017 மனநலச் சட்டப்படி, அதற்கு மேல் மனநல சமூகப் பணியில் 2 வருட முழுநேர எம்.ஃபில். வேண்டும்.

மருந்து எழுதுவது டாக்டர். இவர் பார்க்க வேண்டியது வீட்டை. தினம் ஒன்று என்று 30 மாத்திரை வாங்கி 20 நாள் ஆனால் அட்டையில் 10 மிஞ்சணும். 22 இருந்தால் ஏன்? பகலெல்லாம் தூக்கமா, கை நடுக்கமா, ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் காசு இல்லையா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. குழம்பில் கலந்து கொடுக்கும் ஆச்சிகளும் உண்டு. விஷயம் தெரிந்த அன்றைக்கு மாத்திரையோடு சாப்பாடும் நின்றுவிடும். முகப்பில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வருபவர் சரிப்படமாட்டார். இரண்டாங்கட்டு வரை போய், சம்பந்தப்பட்டவரிடம் தனியாகப் பேசணும்.

ஊனச் சான்றிதழ் வேலையும் இருக்கிறது. மனநோயால் வரும் ஊனத்தை அளக்கும் 'ஐடியாஸ்' அளவுகோலில் தன்னைப் பேணுதல், உறவு, பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்குக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், சிரமம் கூடினால் மதிப்பெண்ணும் கூடும். நோயின் காலத்துக்குத் தனி. கூட்டினால் 7 வந்தால்தான் 40 சதவீத ஊனம். "எல்லாம் அவனே செஞ்சுக்குவான்" என்று வீட்டார் கௌரவம் பார்த்தால் அங்கேயே போச்சு. அவர்களை முன்கூட்டியே தயார்ப்படுத்த ஆள் வேண்டும்.

பயணச் செலவும் படியும் உண்டு. தெரிந்தவர்கள் தனிச்செய்தியில் சொல்லுங்கள். அவசரம் என்றால் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416.